பெண் பார்க்கப் போய்ப் புல் வெட்டிய கதை

“…அப்போ, நிறுத்துற வழி தெரியாமத்தான் அதை ஸ்டார்ட் பண்ணீங்களா?”

கோமதி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். இன்றைக்கும் நான் ஸ்குரூ டிரைவரைத் தொட்டால், வீட்டில் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள்.

காஞ்சிபுரத்துக்கு அவளைப் பெண் பார்க்கப் போயிருந்தோம். எனக்கு வாலாஜாபாத்தில், விவசாய மிஷின்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் வேலை. விற்பேன், மாட்டத் தெரியாது. (துணிக்கடைக்காரருக்குத் தைக்கத் தெரியுமா என்ன?) போதாக்குறைக்கு, ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும்.

பெண்ணின் அப்பா பேச்சுக்குத்தான் சொன்னார். “தம்பி மிஷின் லைனாமே. நம்ம புல் வெட்டுற மிஷின்கூட ஸ்டார்ட் ஆவாம கொல்லையில கெடக்குதுபா.”

“பாத்துடலாங்க.”

என் அப்பா என் தொடையில் கிள்ளினார். “சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உக்காருடா.”

நான் கொல்லைக்குப் போய்விட்டிருந்தேன்.

பைக் பெட்டியில், ஒருவருக்குக் கொடுக்க வைத்திருந்த, இஞ்சினுக்குத் தீப்பொறி தரும் ‘இக்னிஷன் காயில்’ ஒன்று புதிதாக இருந்தது. பழையதைக் கழற்றி அதை மாட்டினேன். கறுப்பு வயர் ஒன்று மட்டும் எங்கும் சேராமல் தொங்கியது. வேண்டாத வயர் என்று முடிவுகட்டி, மடக்கி உள்ளே திணித்தேன். (மிஷினை நிறுத்தும் ஸ்விட்சுக்குப் போகிற வயர் அது என்று பிறகுதான் உறைத்தது.) டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றி, நீளக் குழாயின் நுனியில் பிளேடு சுற்றும் அந்த மிஷினை பெல்ட்டால் தோளில் மாட்டி, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கொல்லைக்கு வந்து என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

ஸ்விட்சைத் தட்டினேன். நிற்கவில்லை. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்த, அது அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. இஞ்சினுக்குக் காற்றை அடைக்கும் சோக்கை மூடியிருந்தால் நின்றிருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தினமும் நான் சொல்வதுதான். அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. ஆளுக்கொரு யோசனையை மட்டும் கத்தினார்கள். யார் கத்தினாலும் அவர் பக்கம் திரும்பினேன். திரும்பிய பக்கமெல்லாம் ஓடினார்கள். அப்படித் திரும்பியதில்தான், கொல்லையில் குலை தள்ளி நின்ற இரண்டு வாழையும் பிளேடு பட்டுச் சாய்ந்தன.

பிறகு பெட்ரோல் தீரும்வரை சுவரைப் பார்த்து நின்றேன்.

“பையன் சாதுவா?” என்று பெண்ணின் மாமா அந்த மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“வாயில்லாப் பூச்சி,” என்று என் அம்மா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

ஒருவழியாக மிஷின் அடங்கியது. பெண்ணின் அப்பா வாழைகளையே பார்த்தார். “இவ கல்யாணத்துக்கு வாசல்ல கட்டலாம்னு வளத்துக்கினு இருந்தேன்.”

“சகுனமே சரியில்ல. வேற எடம் பாப்போம்,” என்றாள் பெண்ணின் அத்தை. என் அம்மா கிளம்புவதற்குச் செருப்பைத் தேடினாள்.

நான் யார் முகத்தையும் பார்க்காமல் அந்த வயரின் கதையைச் சொன்னேன். அப்போதுதான் கோமதி எதிரே வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆமாங்க,” என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் சிரிக்கவில்லை. “வெட்டியாச்சுப்பா. இனி போட்டுவச்சா வாடிடும்,” என்றாள் அப்பாவிடம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு வாழையைக் குலையோடு தரதரவென்று சந்து வழியாக இழுத்துப் போனாள். தெருவாசலில் இடது பக்கம் அதை நிமிர்த்திச் சாத்தினாள். பிறகு வலது பக்கத்துக்கு மற்றதை எடுக்கத் திரும்பி வந்தாள்.