மாவுக்குக் கீழே ரோல்ஸ்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். சோம்பல் பாதி, வெட்கம் பாதி. (பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டவனுக்கு நாலு பந்தி எழுதுவதே பெரும்பாடு.) ஆனால் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஆளாளுக்கு இந்தக் கதைக்குக் கைகால் வைத்துச் சொல்கிறார்கள். செய்தவனே சொல்லிவிடுவது நல்லது.

ரவி அண்ணையின் பலசரக்குக் கடையில் எனக்கு வேலை. மூட்டை இறக்குவேன், காசு வாங்குவேன், வருகிற போகிறவர்களைப் பகிடி பண்ணிச் சிரிப்பேன். ஒழுங்காகச் செய்தது மூன்றாவதைத்தான். கடையின் பின்பக்கத்தில், முழங்கை சுவரில் இடிக்கிற ஒரு மூலையில், அவருடைய மனைவி வசந்தி அக்கா உள்ளே கறி வைத்துப் பொரிக்கிற ரோல்ஸும் பற்றிஸும் செய்து விற்றார். ரவி அண்ணையின் தமையன் குலம் அண்ணைக்கு நகரத்துக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் சமையலறையோடு ஓர் இடம் சும்மா கிடந்தது. ரோல்ஸ் நன்றாக ஓடுகிறது என்று கடை அறிக்கையில் கண்டால் அதை அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா மனதுக்குள் அந்த இடத்துக்குத் திரைச்சீலையே தைத்துவிட்டார்.

அப்போதுதான் கடைக்குக் கணக்கு மென்பொருள் வந்தது. சாமான்களைக் குழுக்களாகப் பிரித்து, பெரிய குழுவுக்குள் சின்னக் குழு, அதற்குள் இன்னும் சின்னது என்று அடுக்கிவிட்டால் அறிக்கையில் கூட்டுத்தொகை தானாக வரும்.

"தம்பி, உனக்கு இது தெரியுமோ?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கு இது ரோல்ஸ் சாப்பிடுற மாதிரி, அக்கா."

"சாப்பிடுவாய், அது தெரியும். செய்யத் தெரியுமோ எண்டு கேக்கிறன்."

அடுக்கினேன். பலசரக்குக்குக் கீழே அரிசி, பருப்பு, மா. ரோல்ஸை எங்கே போடுவது? ரோல்ஸ் எதில் செய்வது? மாவில். (இந்த இடத்தில் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.) மாவுக்குக் கீழே ரோல்ஸையும் பற்றிஸையும் போட்டேன். நீளமாக இருந்தால் குலம் அண்ணை வாசிக்கமாட்டார் என்று அடிக் குழுக்களை மறைத்து ஒரே பக்கமாக அச்செடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒரு கையில் அறிக்கை, மறுகையில் அக்காவின் ரோல்ஸ்.

"டேய் ரவி, மா இவ்வளவு ஓடுதே?"

ரவி அண்ணைக்கே அதிசயம். "ஓம் அண்ணை. சனம் இப்ப வீட்டிலை புட்டு அவிக்குது போல."

"ரோல்ஸைக் காணேல்லையே?"

தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்கா என்னைப் பார்த்தார்.

"அது மாவுக்குக் கீழை இருக்கு அண்ணை," என்றேன்.

"என்னடா?"

"உண்மையா அண்ணை. அந்த மாவிலை முக்கால்வாசி ரோல்ஸ்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் ரோல்ஸ் தூள் அறிக்கை முழுக்கக் கொட்டியது. "இவன் செத்தவீட்டிலையும் பகிடி விடுவான்."

நான் சத்தியம் பண்ணப் பண்ண அவருக்குச் சிரிப்புக் கூடியது. கணினியைத் திறந்து காட்டுகிறேன் என்றேன். (அதே கணினியில் அவருடைய படத்துக்குக் கொம்பு வரைந்து காட்டியவனும் நான்தான்.) கும்பிடு போட்டு எழும்பிவிட்டார். போகும்போது ஆர்ஜொந்தெய் கதவுத் திறப்பை ரவி அண்ணையின் கையில் வைத்தார். இவ்வளவு மா விற்கிறவனுக்கு மூட்டை அடுக்க இடம் வேண்டாமா?

பிறகு ரவி அண்ணைக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். கணினியை மூடினார். "அண்ணை தந்திட்டார். திரும்பப் போய் மாத்திக் கேக்கிறது வடிவில்லை," என்றார். அவ்வளவுதான்.

அக்கா என்னை ஏசவேயில்லை. ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும். அவர் இன்றும் அதே மூலையில்தான் ரோல்ஸ் சுற்றுகிறார், ஆர்ஜொந்தெயில் மா மூட்டைகள் வசதியாக இருக்கின்றன. ரவி அண்ணை வீட்டில் எது தொலைந்தாலும் யாராவது ஒருவர் "மாவுக்குக் கீழை பார்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார், மற்றவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில்.

அக்காவிடம் கொடுக்கத்தான் இதை எழுதினேன். முதலில் என் கூட்டாளி கஜனுக்கு அனுப்பினேன். அவன் எழுதிய பதில்:

"மச்சான், இதையும் நீ விடுற பகிடி எண்டுதான் அவ நினைப்பா."