அசையாதீங்க சாரும் என் எடையும்

உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் தன் பக்கம் இழுக்கிறது என்பதை அளந்து காட்டுவதற்காக, தன் பக்கத்தில் ஒருவரையும் அண்டவிடாமல் வாழ்ந்த மனிதர் இந்த மலைநாட்டிலேயே ஒருவர்தான். அவர் மஸ்கெலியாவில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்தார்.

அவருக்குப் பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில் மட்டும். பாடசாலைக்கும் கடைவீதிக்கும் அவர் 'அசையாதீங்க சார்'. பௌதிகவியல் ஆசிரியர், நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், குடைபோல் மடிக்கலாம் என்று தோன்றும் ஒல்லி. யார் வந்து அவர் அறை வாசலில் நின்றாலும் வணக்கம், வாங்க, உட்காருங்க என்ற பேச்சே கிடையாது. "அசையாதீங்க" என்பார்.

நான் அந்த ஊருக்கு வணிகக் கல்வி ஆசிரியையாக முதல் நியமனத்தில் போனேன். றொசல்ல பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. இதை அடக்கமாகச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. பட்டத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் எழுந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். ஊர் குடையை விரித்துக்கொண்டு தன் பாட்டில் போனது. மழை விட்டால் பனி, பனி விலகினால் மழை. பாடசாலை முடிந்து அறைக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை என்னைக் கூப்பிட ஒரு குரல் இல்லை.

அறை, பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவருடையது; ஊருக்கே அவர் நானா. கடைக்குப் பின்னால், பாறையின்மேல் கட்டிய இரண்டு அறைகள். நடுவே மெல்லிய பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் நான், மறுபக்கம் சார்.

முதல் நாள் கரண்ட் போனது. நெருப்புப் பெட்டி கேட்கலாம் என்று அவர் கதவைத் தட்டித் திறந்தேன்.

"அசையாதீங்க."

நின்றேன்.

"கீழ பாருங்க. வட்டம் தெரியுதா? அதுக்குள்ள நில்லுங்க."

பெட்டரி விளக்கொன்றின் மங்கல் வெளிச்சத்தில், சிமெந்துத் தரையில் சோக்கட்டியால் இரண்டு வட்டங்கள். ஒன்றில் அவர் நின்றார். மற்றதில் 'விருந்தினர்' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தில் ஒரு கோடுகூட அழிந்திருக்கவில்லை.

அறை நடுவில், முன்பு நானா கடையில் வடை வைத்த கண்ணாடி அலுமாரி. உள்ளே மெல்லிய கம்பி ஒன்றில் ஒரு மரத்தடி கிடையாகத் தொங்கியது. தடியின் இரு முனைகளிலும் கோலிக்குண்டு அளவில் ஈயக் குண்டுகள். அலுமாரிக்கு வெளியே, பழைய வேன் பெட்டரி ஈயத்தை உருக்கி வார்த்த இரண்டு பெரிய குண்டுகள் ஒரு சுழல்பலகையில் இருந்தன. பெரிய குண்டு சின்னக் குண்டை இழுக்கும், தடி மயிரிழை அளவு திரும்பும். தடியில் ஒட்டிய கண்ணாடித் துண்டில் பட்ட சிவப்பு வெளிச்சம் சுவரிலுள்ள அளவுகோலில் நகரும். அந்த நகர்வை வைத்து ஈர்ப்பு மாறிலியைக் கணக்கிட வேண்டும். இதுதான் அவருடைய வாழ்க்கை.

"அந்த எண்ணைப் பரீட்சைத் தாள்லயே குடுத்திருக்காங்களே சார்," என்றேன்.

"யாரோ குடுத்திருக்காங்க," என்றார், கடன் கேட்டவரைப் பற்றிச் சொல்வதுபோல. "ஒளியோட வேகத்தை இப்ப யாரும் அளக்கிறதில்ல மிஸ். இவ்வளவுதான்னு கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. அதை வச்சுத்தான் மீட்டரே. கிலோவுக்கும் இப்ப அதே கதைதான். இந்த ஒண்ணு மட்டும் யாருக்கும் பிடி குடுக்கல. பெரிய பெரிய ஆய்வுகூடத்துல அளந்தும் நாலாவது அஞ்சாவது இலக்கத்துல ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"நீங்க எத்தனாவது இலக்கத்துல நிக்கிறீங்க?"

"முதல் இலக்கத்துக்கே அல்லாடுறேன்."

நெருப்புப் பெட்டி கிடைக்கவில்லை. அதை எடுக்க அவர் நடக்க வேண்டும், நடந்தால் சிவப்புப் புள்ளி அடங்க வெகுநேரம் ஆகும்.

நான் வருவதற்கு முன் நடந்த ஒன்றைப் பாடசாலையில் இன்றும் சொல்வார்கள். கம்பிக்குப் பதிலாக அவர் முதலில் தலைமுடியில்தான் தடியைத் தொங்கவிடப் பார்த்தாராம். ஆசிரியர் அறையில் சங்கீத டீச்சரிடம் போய், "டீச்சர், உங்க முடி ஒண்ணு கிடைக்குமா? நீளமா, அறுந்து போகாததா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் டீச்சரின் அம்மா கையில் எலுமிச்சம்பழத்தோடு பாடசாலை அதிபர் அறைக்கு வந்துவிட்டார். பெண்ணின் முடியைக் கேட்கிறான் என்றால் செய்வினையைத் தவிர வேறு என்ன? அதிபர் கூப்பிட்டு விசாரித்தார்.

"முடி எதுக்கு சார்?"

"தொங்கவிட சார்."

"யாரை?"

"ஈயத்தை."

அம்மா எலுமிச்சம்பழத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். முன்னும் பின்னும் வழுக்கையான அதிபர் பெருமூச்சு விட்டு, "என்கிட்டக் கேட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது," என்றாராம். இவ்வளவுக்கும் முடி உதவவில்லை. மஸ்கெலியாப் பனியில் ஈரம் குடித்து, தினம் ஒரு நீளத்துக்கு வந்ததாம்.

அடுத்தது என் காதால் கேட்டது. நோர்வூட்டிலிருந்து பெண் வீட்டார் அவரைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் நாலு பேர், வட்டம் ஒன்று. அவசரமாக இன்னும் மூன்று வட்டம் போட்டார். எல்லோரையும் அதற்குள் நிறுத்தி, ஒவ்வொருவரின் எடையையும் மரியாதையாகக் கேட்டார்.

பெண்ணின் மாமா குரல் கேட்டது. "என்னா தம்பி, நாங்க என்ன கொழுந்து மூட்டையா?"

"இல்லைங்க, கணக்குல கழிக்கிறதுக்கு. பொண்ணு எத்தனை கிலோங்க?"

அவர்கள் அடுத்த பஸ்ஸில் போனார்கள். நானா தலையில் கை வைத்தார். "சார், பொண்ணு பாக்கிற எடத்துல படிப்பைக் கேப்பாங்க, குணத்தைக் கேப்பாங்க. எடையைக் கேட்டா தராசுக்குத்தான் கட்டிக் குடுப்பாங்க."

அந்த ஆண்டு நடுவில்தான் நானா குண்டைப் போட்டார். வருஷம் முடிந்ததும் பலகைத் தடுப்பை உடைத்து இரண்டு அறைகளையும் ஒரே களஞ்சியமாக்கப் போகிறாராம். நான் ஹட்டனில் வேறு அறை பார்த்துக்கொள்ளலாம். சார் ஆடிப்போனார். ஊரில் பாறைமேல் நிற்கும் அறை இதுபோல் வேறில்லை. வேறு எங்கே வைத்தாலும் பஸ் போனால் புள்ளி குதிக்கும். இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்த வேலை, வருஷ முடிவுக்குள் எண் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் புள்ளி பேய் பிடித்ததுபோல் ஆடத் தொடங்கியது. அந்தியில் ஒரு பக்கம் விலகும், பிறகு திரும்பி வரும். கணக்குப் போட்டால் மாறிலி எக்கச்சக்கமாக வரும். முதலில் நீர்த்தேக்கத்தைச் சந்தேகப்பட்டார். அதில் தண்ணீர் ஏறி இறங்குவதை அணைக்கட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு நானாவைச் சந்தேகப்பட்டார்.

"நானா, அந்தியில மூட்டை இறக்குறீங்களா?"

"அந்தியில நான் தொழப் போறேன் சார். மூட்டை எல்லாம் வச்ச எடத்துலதான் ஈக்குது."

கடைசியில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. சனி, ஞாயிறில் புள்ளி ஆடுவதில்லை. அப்படியென்றால் இது வாரக் கடைசியில் லீவு எடுக்கிற ஒரு பொருள்.

என் கதவு தட்டப்பட்டது.

"மிஸ், அந்தியில நீங்க எங்க உக்காருவீங்க?"

"என் ரூம்ல."

"ரூம்ல எங்க?"

நாற்காலியைக் காட்டினேன். சமீபத்தில்தான் அதை எடுத்துப் பலகைத் தடுப்போடு ஒட்டிப் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு முழத்துக்குள் வடை அலுமாரி.

"உங்க எடை என்ன மிஸ்?"

கதவைச் சாத்தினேன்.

கதவுக்கு வெளியே நின்றபடியே அவர் பேசினார். நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்ற முடியுமா? முடியாது என்றேன். எதிர்ச் சுவரில் மழை ஊறி வழியும், அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அந்தி முழுக்க அவர் தன் வட்டத்தில் நின்று, கையை அசைக்காமல், போனில் பதிவதற்காக அளவுகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். "பன்னிரண்டு புள்ளி நாலு. பன்னிரண்டு புள்ளி நாலு. பன்னிரண்டு புள்ளி மூணு." அதற்கு அருகில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினால், வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோல் இருக்கும்.

"என் ரூம்ல நான் எங்க உக்காரணும்னு நீங்க சொல்ல வேணாம் சார். வாடகை குடுக்கிறேன். இத்தனை பாடுபட்டு எதுக்கு? புத்தகத்துல இருக்கிற எண்ணை எடுத்துக்கிட்டுப் போங்க."

அவர் கதவுக்கு இன்னும் அருகில் வந்தார். பிறகு சொன்னார். "எங்க அம்மா சாகிற வரைக்கும் கொழுந்து எடுத்தாங்க. நிறுக்கிற எடத்துல தராசு முள்ளு எப்பவும் கணக்கப்பிள்ளை பக்கம்தான் பார்த்திருக்கும். அவர் சொல்றதுதான் எண். அம்மா ஒருநாளும் அந்த முள்ளைப் பார்த்ததில்ல. ஒரே ஒரு எண்ணையாவது நானே பார்த்து எழுதணும் மிஸ்."

என் அம்மாவும் அந்தத் தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவள்தான். கதவைத் திறந்தேன்.

"ஐம்பத்திரண்டு," என்றேன். "நாற்காலி எங்க போகணும்?"

"எங்கயும் போக வேணாம். யோசிச்சுப் பார்த்தேன். நீங்க இருக்கிறது தொல்லை இல்ல. வாரதும் போறதும்தான் தொல்லை. குண்டை இந்தப் பக்கம் வச்சு ஒரு அளவு, அந்தப் பக்கம் வச்சு ஒரு அளவு. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிப்பேன். நீங்க ரெண்டு நேரமும் ஒரே எடத்துல இருந்தீங்கன்னா தன்னால கழிஞ்சு போயிருவீங்க."

"இத்தனை படிச்சுட்டுக் கழிஞ்சு போறதுக்கா வந்தேன்?"

"நல்ல விதமாத்தான் சொன்னேன் மிஸ்."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அந்தியில் வேலைக்குப் போனோம். நானா தொழப் போகுமுன் இரண்டு பக்கமும் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போவார். நான் உட்காருவேன். அவர் நிற்பார். நடுவில் பலகை. தும்மல் வந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

நான் ஊருக்குப் போகும் வாரக் கடைசியை அவர் விடவில்லை. ஒரு ஞாயிறு திரும்பி வந்து கதவைத் திறந்தால் என் நாற்காலியில் ஐம்பது கிலோ கோதுமை மா மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. மேலே, தலை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கிலோ பருப்பு. சாவி கொடுத்தவர் நானா. கேட்காமல் என் அறையைத் திறந்ததற்கு இருவரையும் ஒரு பாட்டம் ஏசினேன். நானா மூட்டையைக் காட்டி, "இந்த மிஸ் ஏசவே இல்லையே," என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து கேட்டுவிட்டுத்தான் வைத்தார்கள்.

டிசம்பர் விடுமுறை வந்தது. பிள்ளைகளின் சத்தம் இல்லாத, அளப்பதற்கு ஆகச் சிறந்த காலம். வருஷமும் முடியப்போகிறது. மூட்டையை என் இடத்தில் உட்காரவைத்துவிட்டு றொசல்லைக்குப் போனேன். விடுமுறையின் பின்பாதியில் போன் வந்தது.

"மிஸ், உங்க எடை குறைஞ்சுக்கிட்டே வருது."

"நான் நல்லாத்தான் இருக்கேன் சார். அம்மா சமையல்."

"அங்க இருக்கிற நீங்க இல்ல. இங்க இருக்கிற நீங்க." குரல் உடைந்திருந்தது. "எலி மிஸ். பின்பக்கமா ஓட்டை போட்டுத் தின்னுக்கிட்டே இருந்திருக்கு. எடுத்த அளவு எல்லாம் போச்சு. வேற மூட்டை வச்சாலும் எலி இருக்கு. நாள் இல்ல."

வா என்று அவர் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை.

நான் பையை எடுத்தேன். அம்மா கேட்டாள், "லீவுல எங்கடி போற?"

"மஸ்கெலியாவுக்கு."

"என்னா வேலை?"

"உக்காந்திருக்கணும்."

"படிச்சவங்களுக்கு நல்ல வேலைதான்," என்றாள் அம்மா. ஆனாலும் ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள்.

இன்று அந்தத் தடுப்பு இல்லை. நான் ஹட்டனில் இருக்கிறேன். சார் தலவாக்கலைப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே யாரை வட்டத்துக்குள் நிறுத்துகிறாரோ தெரியாது. நானாவின் களஞ்சியத்தில், நாங்கள் இருந்த இடத்தில், மா மூட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. போனமுறை பார்த்தபோது அவற்றின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வருஷம், தடுப்பை உடைக்க மேசன்மார் வருவதற்கு முந்திய அந்தியோடு அளவு முடிந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குண்டுகள் கடைசித் தடவையாகத் திரும்பும் கிறீச் சத்தம் கேட்டது. எண்கள் வந்தன. பிறகு எண்களும் நின்றன. அவர் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"மிஸ்."

"ம்."

"ஆறு புள்ளி எட்டு வருது."

"புத்தகத்துல?"

"ஆறு புள்ளி ஆறு ஏழு."

"அப்ப பிழையா சார்?"

"அது அவங்க எடுத்தது. இது நாம எடுத்தது. கிட்டத்தான் இருக்கு." அவர் குரல் பலகைக்கு மிக அருகில் கேட்டது. "முள்ளை நாமளே பார்த்தாச்சு மிஸ்."

மழைச் சத்தத்துக்கு நடுவே மறுபடி அவர் குரல்.

"இனி நீங்க அசையலாம்."

நன்றாக இருட்டும் வரை நான் அசையவில்லை. பலகைக்கு அந்தப் பக்கமும் காலடிச் சத்தம் கேட்கவில்லை.