நங்கூர முத்திரையும் மாப்பிள்ளையின் பெட்டியும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் அப்படியே என்று எழுதக் கை வரவில்லை. நேற்றுக் காலையில் நடந்தது அப்படி ஒரு அதிர்ச்சி.

நான் பழைய வெள்ளி முத்திரைகள் சேர்ப்பவன் என்பது தங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே எல்லாவற்றையும் காட்டினேனே, தாங்கள்கூடப் பாதியில் கண்ணை மூடி ரசித்தீர்கள். கப்பல், நங்கூரம், சுக்கான் பொறித்தவை மட்டும்தான் வாங்குவேன். அவற்றில் ராஜா, யாரோ ஒரு கப்பல் தலைவர் தன் கடிதங்களில் அரக்கு உருக்கி ஊற்றிக் குத்திய முத்திரை. கட்டைவிரல் உயரம், கைப்பிடி முழுக்கச் சுற்றிய கயிறு, அடியில் பாய்மரக் கப்பலும் நங்கூரமும். அதைக் காணோம் சம்பந்தி! காணவே காணோம்!

பல் டாக்டரான தங்கள் மகன் லீவுக்கு வந்தவர், அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கப்பல் பாய்க்குள்ள பழைய அரக்கு அடைச்சிருக்கு. என் கொக்கி இருக்கு, இப்பவே சுரண்டி எடுத்துடறேன்" என்றார். ஊரார் கடைவாயைக் குடையற கொக்கியால என் கப்பலைக் குடையறதா? வெள்ளியில கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது? "வேண்டாம் மாப்பிள்ளை, அதுக்கு எங்களுக்குன்னு ஒரு பக்குவம் இருக்கு" என்று வாங்கி, அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். மறுநாள் காலையில் கண்ணாடி அலமாரியைத் திறந்தால் ராஜா இல்லை! திரும்பினால் மாப்பிள்ளை கையில் பெட்டியோடு வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் என்ன நினைப்பேன், தாங்களே சொல்லுங்கள். "பெட்டியைத் திறங்க மாப்பிள்ளை"ன்னு கேட்டுட்டேன். கேட்டதோட விட்டேனா, நானே திறந்து உதறியும் பாத்துட்டேன். நாலு சட்டை, கொக்கிகள், யாருக்கோ கட்டின ஒரு செட் பல். மாப்பிள்ளை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். என் மகள்தான், "இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டோம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவரோடு கிளம்பிப் போனாள். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. ஆனாலும், பெட்டியில இல்லைன்னா பேன்ட் பாக்கெட்டுல இருக்கலாம் இல்லையா? தாங்கள் தகப்பன் என்ற முறையில் நயமாக விசாரித்து, முத்திரையைப் பஞ்சில் சுற்றி அனுப்பிவைக்கவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரங்கள். சிறியவர்கள் எல்லோருக்கும் ஆசிகள். மாப்பிள்ளைக்கு மட்டும் முத்திரை கிடைத்த பிறகு.

இப்படிக்கு,
மனம் நொந்த தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: எழுதி முடித்ததும் தலை கொதித்தது. நெற்றியில் வைக்க ஐஸ் எடுக்கலாம் என்று ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்தேன். பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் ராஜா! உறையவைத்தால் பழைய அரக்கு சுருங்கித் தானாக உதிர்ந்துவிடும். அதுதான் எங்கள் பக்குவம். மாப்பிள்ளை கண்ணில் படாத இடம் என்று அங்கே வைத்தது நானேதான்; வைத்ததையே மறந்துவிட்டு அலமாரியில் தேடியிருக்கிறேன். ஐயோ, என்ன மனுஷன் நான்! மேலே எழுதியதைக் கிழிக்கப் போனேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, "கிழிச்சுட்டா, பெட்டியை உதறினது இல்லைன்னு ஆயிடுமா? அப்படியே அனுப்புங்க" என்றாள். அனுப்புகிறேன். கூடவே ராஜாவையும் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் கொடுங்கள். சுரண்ட அரக்கு மிச்சமில்லை. வெள்ளியையே சுரண்டினாலும் நான் வாய் திறக்க மாட்டேன். மகளை மட்டும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள்.