சித்தப்பா சாகவும் இல்லை, நாங்கள் வரவும் இல்லை

தேவதாய் துணை

முல்லைத்தீவு,
ஆனி மாதம், 2021.

என் அன்பு மகள் ஸ்ரெல்லாவுக்கு அப்பா ஸ்ரீபன் எழுதுவது.

நாங்கள் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இந்த நாட்களில் சுகம் என்று சொன்னால் யார் சோதித்தது என்று கேட்கிறார்கள். ஆகவே சோதித்த பிறகே எழுதுகிறேன்: நானும் அம்மாவும் சுகம். மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்து எழுத்திலும் தந்திருக்கிறார்கள். அங்கே வவுனியாவில் நீயும் மருமகன் நிறோஜனும், நாங்கள் இன்னும் கண்ணால் காணாத எங்கள் பேரனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கத் தேவதாயை மன்றாடுகிறோம்.

மகள், போன கிழமை நீ போனில், “அப்பா, நீங்கள் அனிஸ்ரன் சித்தப்பாவைச் சாகடிச்சுப்போட்டீங்களாம், உண்மையோ?” என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. அம்மா பக்கத்தில் நின்றபடியால் பதில்தான் இல்லை. உன் சித்தப்பா என் கூடப்பிறந்த தம்பி. உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறான். அவன் உனக்குத் தன் பாட்டில் ஒரு கதை சொல்லியிருப்பான். நடந்ததை நான் எழுதுகிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

உனக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்றே அம்மா அலுமாரிக்கு மேலே கிடந்த பயணப் பையை இறக்கிவிட்டா. பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்குத்தூள் இடித்து, பால்சுறாக் கருவாடு தேடிப்பிடித்துச் சுற்றி, தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணி மடித்து, பையின் வாயைக் கட்டினா. கட்டின கையோடு ரேடியோவில் பயணத்தடை என்று சொன்னார்கள். அம்மா பையை அவிழ்க்கவில்லை. “தடை எண்டாப் பாஸ் எடுத்துப் போறதுதானே” என்றா. அதுவும் சரிதான். பாஸ் எடுத்துப் பயணம் போவது இந்தப் பக்கத்துச் சனத்துக்குப் புதிதில்லை, விதம்விதமான ஆட்களிடம் விதம்விதமான பாஸ் எடுத்த ஆட்கள் நாங்கள். ஆகவே நானும் வெள்ளைச் சேட்டுப் போட்டு, மாஸ்க் கட்டி, கிராம அலுவலர் விதானையாரின் அலுவலகத்துக்குப் போனேன்.

“என்ன விசயமாப் போகவேணும் அண்ணை?” என்று அவர் கேட்டார்.

“பேரனைப் பாக்க.”

“சுகமில்லையோ பிள்ளைக்கு?”

“சீ, கடவுளே! நல்ல சுகம்.”

“அப்ப பாஸ் தரேலாது. ஆஸ்பத்திரி எண்டாச் சொல்லுங்கோ, இல்லாட்டிச் செத்தவீடு எண்டாச் சொல்லுங்கோ. சந்தோசத்துக்குப் போக இப்ப அனுமதி இல்லை.”

நான் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா குசினிக்குள் போய் வெங்காயம் உரித்தபடி வெகுநேரம் யோசித்துவிட்டு, “வவுனியாவில உங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்று கேட்டா. ஏன் என்ர ஆக்கள், உன்ர அக்காவும் அங்கதானே இருக்கிறா என்றேன். “அக்கா பாவம், பிறஷர்காரி. வாயால சொன்னா நடந்தாலும் நடந்திடும். அனிஸ்ரன் நல்ல தேகக்கட்டான ஆள், அவருக்கு ஒண்டும் ஆகாது” என்றா. நான் கோயில் சபையில் இருக்கிறவன், பூசையில் வாசகம் வாசிக்கிறவன், இந்தப் பொய் என் வாயால் வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

“ஸ்ரெல்லா பிறக்கேக்க நாங்கள் இடம்பெயர்ந்து மாங்குளத்துக்கு அங்கால கொட்டிலில இருந்தனாங்கள். என்ர அம்மா மன்னாரில. சண்டையால பாதை பூட்டு. வந்திடுவா வந்திடுவா எண்டு படலையைப் பாத்துக்கொண்டுதான் பிள்ளைக்குப் பால் குடுத்தனான். அவ வந்து சேரேக்க நீங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியிட்டீங்கள்.”

மறுநாள் விடிந்ததும் என் தம்பியைச் சாகடிக்கப் போனேன்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரு பொய்யை மட்டும்தான் தயாரித்துக்கொண்டு போவான், அது போதாது என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். “தம்பி போயிட்டான்” என்றேன். விதானையார் நல்ல மனிதர், எழுந்து நின்றார், கண்ணும் கலங்கிவிட்டது. “என்ன நடந்தது அண்ணை?” என்று கேட்டார். நான் அதை யோசித்து வரவில்லை. உலகத்தில் எத்தனை நோய் வருத்தம் இருக்கிறது, மரத்தால் விழுந்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் காய்ச்சல் என்று வந்தது.

“காய்ச்சலோ? இருமலும் இருந்ததோ?”

“கொஞ்சம்.”

“நீங்கள் கடைசியா எப்ப கண்டனீங்கள்?”

பாசத்தைக் காட்ட இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்து, “போன கிழமைதான் இங்க வந்து, என்னோட ஒரே கோப்பையில சாப்பிட்டிட்டுப் போனவன்” என்றேன்.

“தடைக்குள்ள எப்பிடி வந்தவர்?”

“காட்டுப் பாதையால.”

இப்படி, செத்த தம்பியின் தலையில் சட்டம் மீறின குற்றமும் ஏறியது. விதானையார் கதிரையைப் பின்னால் இழுத்தார், கண்ணீர் நின்றுவிட்டது. சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “அண்ணை, அப்பிடியே வெளியில போய் வேப்பமரத்துக்குக் கீழ நில்லுங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ” என்றார். பாஸ் எழுதத்தான் நேரமாகிறது என்று நானும் வேப்பமரத்தடியில் சந்தோசமாக நின்றேன். வந்தது பாஸ் இல்லை, சுகாதாரப் பரிசோதகர். அவர் மோட்டச்சைக்கிளில் பின்னால் வர, நான் என் சைக்கிளில் முன்னால் போக, ஊரே வாசலில் நின்று பார்க்க, எங்கள் வீட்டுப் படலையில் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டினார். அம்மா பயணச் சேலையோடு வெளியே வந்து அதை வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை எழுத என்னிடம் தாள் போதாது.

நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். “தம்பி, அவன் சாகேல்ல” என்றேன்.

அந்தப் பரிசோதகப் பிள்ளை மிகவும் இரக்கமாக, “முதலில அப்பிடித்தான் ஐயா இருக்கும். மனம் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் எடுக்கும்” என்றார்.

“இல்லை தம்பி, உண்மையாகவே உயிரோட இருக்கிறான்.”

“ஓம் ஐயா, எங்கட மனசில எப்பவும் இருப்பார்” என்று சொல்லி, அம்மாவைப் பார்த்து, “ஐயாவைத் தனிய விடாதேங்கோ” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் செய்தி கோயில்வரை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் பூசை பார்த்துக்கொண்டிருக்கிறோம், சுவாமியார் உருக்கமான குரலில் அனிஸ்ரனின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய மன்றாடச் சொல்கிறார். வவுனியாவிலிருந்து அனிஸ்ரனும் அதே பூசையைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தானாம். வேறு யாரோ அனிஸ்ரன் என்று நினைத்து, பாவம், அவனும் சேர்ந்து மன்றாடியிருக்கிறான். பூசை முடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டுக்கும் ஒரு சுகாதாரப் பரிசோதகர் போய், செத்தவருடன் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டாராம். கதவைத் திறந்தது செத்தவர்.

அன்றைக்குப் பின்னேரமே எனக்குப் போன் வந்தது. “அண்ணை, நான் செத்ததை எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?” என்றான். “என்ர மனுசி கம்சா துக்கம் விசாரிச்சு அழுகிறவைக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே களைச்சுப்போனா. ஒருத்தன் என்ர மோட்டச்சைக்கிளை விக்கிற எண்ணம் இருக்கோ எண்டு கேட்டவன். ஆர் தெரியுமோ? என்ர சொந்த மச்சான்!” என்றான். அவனுக்கு அதுதான் பெரிய துக்கம். நானும் அம்மாவும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டோம். பரிசோதகரிடமும் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. “சரி ஐயா, அவர் சாகேல்ல. ஆனா காய்ச்சலோட வந்து உங்களோட ஒரே கோப்பையில சாப்பிட்டவர் எண்டு நீங்கள் கையெழுத்து வைச்சிருக்கிறீங்கள். கையெழுத்தை நான் அழிக்கேலாது” என்றார். அங்கே அவன் வீட்டுக்குள், இங்கே நாங்கள் வீட்டுக்குள்.

இனிச் சொல்லப்போவது சிரிப்பில்லை, மகள்.

படலை பூட்டியிருந்த நாட்களில் எங்களுக்குச் சாமான் வாங்கித் தந்தது பக்கத்துவீட்டுக் கணபதி. உனக்கு நினைவிருக்கும், நானும் அவரும் என் வள்ளத்தில் ஒன்றாகத் தொழிலுக்குப் போன ஆட்கள், வள்ளச் சொந்தக்காரன் என்று என்னைச் சம்மாட்டி என்பார். தண்ணீரூற்றுச் சந்தைப் பக்கம் போய்வரும்போது தக்காளியும் பாணும் வாங்கி வந்து படலையில் கொளுவிவிட்டு, வீதியில் நின்று, “சம்மாட்டி, செத்தவர் எப்பிடிச் சுகம்?” என்று சத்தமாகக் கேட்டுச் சிரிப்பார். ஒரு நாள் பை வரவில்லை. மறுநாள் அவர் வீட்டு வாசலில் அம்புலன்ஸ் நின்றது. தானாகவே நடந்துபோய் ஏறினார், எங்களுக்குக் கையும் காட்டினார். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பவில்லை. எங்கே தொற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவி இராசேஸ்வரி வேலிக்கு அங்கால நின்று, “அண்ணை, கடைசியா ஒரு வாய் தேத்தண்ணி குடுக்க விடேல்லையே” என்று கதறினபோது, அம்மா வேலிக்கு இங்கால நின்று அழுதா. இடையில் ஓலை வேலிதான். எட்டினால் தொடலாம். தொடவில்லை. நான் பயண பாஸுக்காக இல்லாத சாவைச் சொன்ன ஆள், உண்மையான சாவுக்கு என் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பிறகு எங்களைச் சோதித்து, நோய் இல்லை என்று எழுதித் தந்து, படலையில் இருந்த தாளையும் கிழித்தார்கள். அம்மா மறுபடியும் பையைத் துடைத்து வைத்தா. நான்தான் கதிரையில் இருந்து நன்றாக யோசித்தேன். இன்றைக்கு நோய் இல்லை என்று எழுதித் தந்த தாள் நாளைய நோய்க்குப் பொறுப்பு நிற்காது. நான் கடலுக்குப் போகிறேன், கரையில் நாலு பேர் மீன் பெட்டியைத் தொடுகிறார்கள், நானும் தொடுகிறேன். உன் பிள்ளைக்குத் தும்மவே இன்னும் சரியாகத் தெரியாது. அவனைத் தூக்கின கையால் அவனுக்கு ஏதும் வந்தால், அதற்குப் பிறகு நான் யாரிடம் போய் என்ன கையெழுத்து வைப்பது? ஆகவே நன்றாக ஆலோசித்து எடுத்த முடிவு இது: நாங்கள் இப்போதைக்கு வரமாட்டோம். உனக்கு மனம் கசக்கும், எனக்கும் கசக்கிறது. நீ போனில் பிள்ளையைக் காட்டும்போதெல்லாம் உன் கை ஆடுவதால், எனக்குப் பேரனின் முகத்தைவிட உங்கள் வீட்டு மின்விசிறியின் முகம்தான் நன்றாகத் தெரியும். பரவாயில்லை. இந்த வருத்தக் காலம் முடியட்டும், ஆற அமர வந்து ஒரு மாதம் இருந்து அவனைப் பார்த்துத் தீர்ப்பேன்.

இந்த முடிவை அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவ “ம்” என்றா. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே இது நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றே நீ கொள்ள வேண்டும்.

பிள்ளையைக் காற்றில் போடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு. மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். சித்தப்பாவைக் கண்டால், அவன் நீண்ட ஆயுளோடு இருக்க நான் தினமும் செபிப்பதாகவும், அது முழு மனதோடுதான் என்றும் சொல். பேரனின் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை அடையாளம் போடு. தேவதாயின் கரம் உங்கள் மூவர் தலையிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஸ்ரீபன்.

பி.கு.: மகள், இதை லொறியின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வவுனியாவுக்கு மீன் ஏற்றிப்போகும் பாலனிடம் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று வீதிக்கு வந்தேன். முன் சீற்றில் உன் அம்மா இருக்கிறா. இரண்டு மாஸ்க், மடியில் பை. பாலனின் பாஸில், மீன் பெட்டி பார்க்கும் உதவியாள் என்று உன் அம்மா றோசம்மாவின் பேர் இருக்கிறது, கீழே விதானையாரின் கையெழுத்து. “பொய் ஒண்டும் இல்லை, வவுனியா போய்ச்சேரும் மட்டும் பெட்டியைப் பாத்துக்கொண்டுதான் போகப்போறன். பிள்ளையை யன்னலால பாத்தாலும் போதும்” என்கிறா. கடிதத்தையும் தானே கொண்டுவந்து உன்னிடம் தருவாவாம். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, பாஸிலும் இன்னொரு உதவியாளுக்கு இடம் விட்டிருக்கிறது என்று பாலன் சொல்கிறான். நான் யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். உன் அம்மா யன்னலால் தலையை நீட்டி, “யோசிச்சுக்கொண்டே ஏறுங்கோ” என்கிறா.