எரிமலையின் இருமல்

பொறுமை என்னும் குணத்தில் மனித குலம் இதுவரை எட்டிய சிகரம் எது என்று யாரேனும் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்: 'எரிமலை ராக் குழுவின் வெளிவராத ஒலிப்பதிவுகளுக்காகக் காத்திருப்போர் சங்கம்'. எரிமலை கலைந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பாடகர் போய்ச் சேர்ந்துவிட்டார். கிட்டார்காரர் முதலில் சத்தமே ஆகாது என்று ஒரு மலையடிவாரத்தில் குடியேறி, பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர்கள் ஒருகாலத்தில் வாசித்துப் பார்த்து, 'சகிக்கலை' என்று தூக்கிப் போட்ட ஒலிநாடாக்கள் மட்டும் இசைக் கம்பெனியின் நிலவறையில் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனி அவற்றை 'விரைவில்' வெளியிடும். அந்த ஒரு சொல்லை நம்பிச் சங்கத்தார் தங்கள் தலைமுடி முழுவதையும் அர்ப்பணித்திருக்கிறார்கள்.

கூடும் இடமும் பொருத்தமானதுதான். செயலாளர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையிலேயே, கடைசி ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறியதும் கூட்டம் தொடங்கும். சுவரில் ஒரு பக்கம் ஈறு நோய் பற்றிய படம், மறுபக்கம் எரிமலையின் பாடகர். இரண்டிலும் வாய் ஆவென்று திறந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு எது எது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பல் டாக்டருக்கு வேறொரு பெருமையும் உண்டு. எரிமலையின் டிரம்மர் அவருடைய மாமனார். கிளினிக்குக்கு மேல்மாடியில்தான் வீடு. மகளோடும் மருமகனோடும் அவர் அங்கேயே இருந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி இவர் என் கையைப் பிடிச்சதைவிட எங்கப்பா கையைக் குலுக்கினதுதான் அதிகம்" என்று டாக்டரின் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். டாக்டர் அதை மறுத்ததில்லை.

ஆனால் உயிரோடு இருப்பவர்களைச் சங்கம் ஓர் எல்லைக்குமேல் அண்டவிடாது. உயிரோடு இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் கிடைப்பார். தேவையில்லாமல் உண்மையும் பேசிவிடுவார்.

உதாரணத்துக்கு இருமல் விவகாரம். எரிமலையின் இசைத்தட்டு ஒன்றில், பாட்டு முடிந்தபிறகு லேசாக ஓர் இருமல் கேட்கும். அது பாடகருடையதா, டிரம்மருடையதா என்பதில் சங்கம் இரண்டாகப் பிளந்து, டாக்டரின் எதிர்த்தரப்பார் அவரிடம் பல்லைக் காட்ட மறுத்து வேறு டாக்டரிடம் போகும் அளவுக்கு முற்றிவிட்டது. கடைசியில் தலைவர் மாமனாரையே கீழே அழைத்தார். தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

"ஐயா, நீங்களே சொல்லிடுங்க. அது யாரு இருமல்?"

"டீ கொண்டுவந்தவர் இருமினாருங்க" என்றார் மாமனார்.

எல்லோரும் 'தங்கக்காது'வைப் பார்த்தார்கள். தங்கக்காது என்பவர் லிஃப்ட் மெக்கானிக். இருமலை மட்டும் கேட்டு, இருமியவர் பிடித்த சிகரெட் எது என்று சொல்லக்கூடியவர் என்று சங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

"இருக்கவே இருக்காது" என்றார் தங்கக்காது. "இது கலைஞனோட இருமல். நுரையீரல்லயே தாளம் இருக்கு."

"நான் அங்கதானேப்பா உட்கார்ந்திருந்தேன்?"

"அதனாலதாங்க சொல்றேன். பக்கத்துல இருந்தவங்களுக்கு நிதானமாக் கேட்டிருக்க வாய்ப்பில்லை."

சாட்சி சம்பவ இடத்தில் இருந்தவர் என்ற காரணத்தால் அவருடைய சாட்சியம் தள்ளுபடி ஆனது. மாமனார் வருத்தப்படவில்லை. படியேறும்போது மருமகனைத் தனியே கூப்பிட்டார். "மாப்பிள்ளை, புதுசா ஒண்ணு வாசிச்சிருக்கேன். மேல வந்து ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்களேன்."

"அப்புறம் மாமா. இப்ப முக்கியமான வேலை இருக்கு."

முக்கியமான வேலை என்னவென்றால், நிலவறையிலிருந்து கசிந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு துண்டுப் பதிவு. டிரம்மர் வாசிக்காமல் சும்மா இருந்த நேரத்தில் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தது அதில் பதிவாகியிருந்தது. சங்கத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேல்மாடியில் யாரோ டக டக என்று தட்ட ஆரம்பித்தார்கள்.

"யாருங்க அது, மனுஷனைக் கேட்கவிடாம?" என்று தலைவர் எரிந்து விழுந்தார்.

டாக்டர் ஓடிப்போய் மாமனாரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அவர் தட்டியதை ரசித்தார்கள்.

இப்படியாகச் சங்கம் வளர்ந்தது. கம்பெனி வெளியீட்டைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும் நன்றித் தீர்மானம் போட்டது. மாமனாரும் படியிறங்கி வந்து மருமகனைக் கூப்பிடுவதை விடவில்லை. மிக்சர் டப்பா மூடி, சாப்பாட்டுத் தட்டு, டாக்டர் தூக்கிப் போட்ட பழைய நாற்காலியின் ரப்பர் மெத்தை, இவற்றை வைத்துக்கொண்டு அவர் எதையோ உருவாக்கிக்கொண்டிருந்தார். எப்போது வந்தாலும் சட்டைப் பையில் ஒரு பழைய போன் இருக்கும்.

"என்னங்க, அப்பா ராத்திரி பகலா இருமுறாரு" என்றாள் மனைவி ஒருநாள். "நல்ல டாக்டரா பார்த்துக் கூட்டிட்டுப் போகணும்."

"வறட்டு இருமலா? இசைத்தட்டுல இருக்கிற மாதிரியா?"

அவள் தானே கூட்டிக்கொண்டு போனாள். அதற்குள் காலம் கடந்திருந்தது.

மாமனார் போய்ச் சேர்ந்த அன்றே அவர் அபூர்வமானார். 'ஈடுசெய்ய இயலாத இழப்பு' என்று தலைவர் விம்மினார். டிரம்மர் கடைசியாகக் குடித்த தண்ணீர் டம்ளரைச் சங்கத்துக்குத் தர முடியுமா என்று தங்கக்காது தயக்கத்தோடு விசாரித்தார். மனைவி உள்ளே போய், டம்ளருக்குப் பதில் அந்தப் பழைய போனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "அப்பா வாசிச்சதெல்லாம் இதுல இருக்கு. யாரும் கேட்டதில்லை. உங்களுக்குத்தானே இந்த மாதிரி பிடிக்கும்."

வெளிவராத பதிவு! சங்கத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாகக் கூட்டத்துக்கு எல்லோரும் நேரத்தோடு வந்தார்கள். மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்றாள். தலைவர் போனைத் தட்டினார்.

வாசிப்பு அற்புதமாக இருந்தது. இது ஒன்றைக் கிண்டல் இல்லாமல் சொல்லிவிட வேண்டும். ஒரு தட்டிலும் ஒரு மூடியிலும் அந்த மனிதர் மழையைப் பெய்ய வைத்திருந்தார்.

"பின்னாடி ஒரு மெல்லிசான ரீங்காரம் வருது பாருங்க" என்று தங்கக்காது கிசுகிசுத்தார். "அந்தக் காலத்து சிந்தசைசர் வாத்தியம். இப்ப எங்கயும் கிடைக்காது. பழைய நாடாவிலிருந்து போனுக்கு மாத்தியிருக்காரு."

அது கீழ்த்தளத்தில் டாக்டர் பல்லைக் குடையும் சத்தம். அங்கிருந்த அத்தனை பேரின் வாயிலும் ஓடிய மிஷின்தான். யாருக்கும் தெரியவில்லை.

வாசிப்பு முடிந்தது, பதிவு நிற்கவில்லை. படியிறங்கும் காலடி. ஓர் இருமல். பிறகு மாமனாரின் குரல்: "மாப்பிள்ளை, ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்களேன்."

இன்னொரு குரல்: "அப்புறம் மாமா. இப்ப முக்கியமான வேலை இருக்கு."

அடுத்த பதிவு. வாசிப்பு, காலடி, இருமல், "அப்புறம் மாமா". அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு பதிவிலும் இருமல் மட்டும் கனத்துக்கொண்டே வந்தது.

தலைவர் மேஜையைக் குத்தினார். "யாருய்யா இந்தக் கல்நெஞ்சன்? இப்பேர்ப்பட்ட கலைஞன் கெஞ்சுறாரு, அஞ்சு நிமிஷம் ஒதுக்க முடியலையா?"

தங்கக்காது கண்ணை மூடி ஆராய்ந்தார். "கேட்ட குரலா இல்லை. கம்பெனி ஆளா இருக்கும். சிநேகிதக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் மாமா, மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுக்கிறது உண்டு. எதுவானாலும், இசைங்கிறதே என்னன்னு தெரியாத ஜென்மம்."

டாக்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "பாருங்க, செயலாளருக்கு ஆத்திரம் தாங்கலை" என்று தலைவர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். "எழுதுங்க டாக்டர். மேற்படி நபரை இச்சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. பேருக்கு இடம் விடுங்க, கண்டுபிடிச்சதும் நிரப்பிக்கலாம்."

டாக்டர் எழுதினார். இடம் விட்டார். கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் தூக்கினார்கள், அவரும் தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடியில், வழக்கம்போல், செயலாளர் என்று கையெழுத்துப் போட்டார்.

மனைவி வாசற்படியிலிருந்து வந்து, போனை எடுத்துக்கொண்டு, தாளை எட்டிப் பார்த்தாள்.

"கையெழுத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி, அந்தக் காலி இடத்துல போட்டிருக்கலாம்" என்றாள்.