வாயால் அடித்த ஜால்ரா

அன்புள்ள அத்தைக்கு,

குண்டூசி எழுதிக்கொள்வது. இங்கு அப்பா நலம், அம்மா நலம், மாடி வீட்டுக்காரர்களின் நாய்கூட நலம். நான் மட்டும் நலமில்லை. அங்கு உங்கள் நலமும் மாமாவின் நலமும், குறிப்பாக உங்கள் வலது காலின் நலமும் அறிய ஆவல். காலை மட்டும் ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். எல்லாரும் படுத்த பிறகு ஜன்னலோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும். அறை விளக்கைப் போட்டால் அப்பா எழுந்து வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. வாய் சொன்னாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

விஷயம் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகர மண்டபத்தில் எங்கள் பகுதி வாத்தியக் குழு விடுமுறைப் பாட்டுகள் வாசிக்கப் போகிறது. அப்பா அதில் பெரிய டிரம் அடிப்பது உங்களுக்குத் தெரியும். போன் பண்ணினால் வேறு பேச்சே இல்லை என்று நீங்களே அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். குழுவில் ஒருவருக்கும் இது பிழைப்பு இல்லை. முன்னால் நின்று குச்சி பிடித்து நடத்துகிறவர் பல் டாக்டர், கிளாரினெட் வாசிக்கிறவர் ஓய்வு பெற்ற தபால்காரர், அப்பாவுக்கோ பகலெல்லாம் சோபா தைக்கிற வேலை. ஜால்ரா அடித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். இனி யார் என்று டாக்டர் கேட்டு வாய் மூடவில்லை, "என் பொண்ணு இருக்காளே" என்று அப்பா சொல்லிவிட்டார். நான் அவருக்குச் சாப்பாட்டுக் கூடை கொண்டுபோனவள், அத்தை. கூடையை வாங்கிக்கொண்டு இரண்டு பித்தளைத் தட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் அதை சிம்பல் என்பார், மற்ற எல்லாருக்கும் அது ஜால்ராதான். அம்மா கேட்டுவிட்டு, "வீட்டுல ஒரு நாள்கூட அப்பாவுக்கு ஜால்ரா போடாதவ, இனிமே மேடை ஏறிப் போடப் போறாளா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் இப்போது குண்டூசி என்ற பெயர் போய் ஜால்ரா என்று ஆகிவிட்டது.

ஆனால் இத்தனை மாதமும் நான் அந்தத் தட்டுகளை ஒரு தடவைகூட அடித்ததில்லை. நாங்கள் பயிற்சி செய்யும் அறைக்கு நேர் கீழே பிரசவ ஆஸ்பத்திரி. முதல் நாளே நர்ஸ் மேலே வந்துவிட்டார். "எது வேணா வாசிச்சிக்கோங்க, அந்தத் தட்டு மட்டும் வேணாம். ஒரு குழந்தை எழுந்தா எல்லாக் குழந்தையும் எழும், அப்புறம் நீங்கதான் வந்து தாலாட்டணும்" என்றார். அப்பா கடையிலிருந்து ஸ்பாஞ்ச் கொண்டுவந்து டிரம்மைச் சுற்றிக் கட்டிவிட்டார், அதனால் அது 'பொத்' என்பதோடு நின்றுவிட்டது. தட்டுக்கு என்னத்தைச் சுற்றுவது? டாக்டர் யோசித்துவிட்டு, வாயால் சொல்லிவிடம்மா என்றார். அன்றிலிருந்து நான் வாயால் "ஜங்" என்று சொல்லி வருகிறேன். அதுவும் லேசு இல்லை, அத்தை. மெதுவாகச் சொன்னால் அப்பாவுக்குக் கேட்காது, பலமாகச் சொன்னால் கீழே குழந்தை சிணுங்கும். டாக்டர் பழக்க தோஷத்தில், "இன்னும் கொஞ்சம் பெருசாத் திறங்க, ஆங், அப்படியே இருங்க" என்பார். ஆனாலும் உண்மையைச் சொன்னால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. கடைசியாக ஒரு குதிரைவண்டிப் பாட்டு உண்டு. விடுமுறைக்கு எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிற மாதிரி ஓடும், ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும். ஒருவர் மூச்சும் கேட்காது. அப்போது அப்பாவின் டிரம்மும் என் ஜால்ராவும் ஒன்றாக விழ வேண்டும். பாட்டு முழுக்க அந்த ஒரு அடிக்காகத்தான் காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

இன்றைக்கு மண்டபத்திலேயே ஒத்திகை வைத்தார்கள். குழந்தைகள் இல்லை, நர்ஸ் இல்லை, அசல் தட்டையே அடிக்கலாம் என்றார் டாக்டர். அப்பா தோலில் புதுக் கைப்பிடி தைத்துப் போட்டிருந்தார். பாட்டு ஓடியது, நின்றது, நான் தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்து "ஜங்" என்றேன். மண்டபம் பெரியது, நன்றாகவே கேட்டது. எல்லாரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. மறுபடி ஓடியது, இந்தத் தடவை அடித்தேன். இரண்டு தட்டும் சமமாக ஒட்டிக்கொண்டு, பானையை மூடினாற்போல் 'டொப்' என்றது. மூன்றாம் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு பலம் கொண்ட மட்டும் அடித்தேன். சத்தம் அருமையாக வந்தது, ஆனால் பாட்டு இன்னும் நிற்கவில்லை. தபால்காரத் தாத்தா நடுவே தனியாக வாசித்துக்கொண்டிருந்த இடம் அது. அவருடைய கிளாரினெட் கீச்சென்று கத்தியது. அவர் முன்னால் இருந்த பாட்டுக் காகிதங்கள் பறந்தன, ஸ்டாண்டு சாய்ந்தது, அதைப் பிடிக்கப் போன அப்பாவின் டிரம் கோல் உருண்டு மேடைக்குக் கீழே போய்விட்டது. நான் அழுதுவிட்டேன். டாக்டர் ஓடி வந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

அப்பா திட்டியிருந்தால் பரவாயில்லை. வழி முழுக்க என் தட்டுகளையும் அவரே சுமந்துகொண்டு வந்தார். ஆனால் சமையலறையில் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. "அவ பெரியவளாயிட்டா. என்கூட உக்காந்து பேசறதே இல்ல. அந்த ஒரு அடியாவது ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கிறோமேன்னுதான்" என்றார். அம்மா பதிலுக்கு ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தெரு முழுக்க அழைத்து வைத்திருக்கிறார், அத்தை. கடைக்கு வந்த சோபாக்காரர்களைக்கூட விடவில்லை. அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு அடியை நான் கெடுத்துவிட்டால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஆகவே அத்தை, உங்கள் வலது காலில் ஒரு சுளுக்கு வேண்டும். பெரிதாக வேண்டாம், நடக்க முடியாத அளவுக்கு இருந்தால் போதும். சனிக்கிழமை காலையில் அப்பாவுக்கு போன் பண்ணி, துணைக்கு என்னை உடனே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அப்பா பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். மறுபேச்சுப் பேச மாட்டார். நான் அங்கு வந்து பாத்திரம் கழுவுகிறேன், துணி மடிக்கிறேன், வாய் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காரப் போவதாகச் சொன்னது தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள், காலை விட கச்சேரி பெரிதல்ல.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னதுகளுக்கு முத்தம். பெரியவர்கள் ஆசி எனக்கு இப்போது மூட்டை மூட்டையாகத் தேவை.

இப்படிக்கு,
உங்கள் பயந்த மருமகள்,
குண்டூசி

பி.கு.: உறைக்குள் போடுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். பசை எடுக்க முன்னறைக்குப் போனேன். இருட்டில் யாரோ மெதுவாக "டும்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "டும்". அப்பாதான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வாயால் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்த இடம் வந்தாலே கோல் முன்னாடியே விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. உங்க அத்தை முன்வரிசையில உக்காந்து முறைச்சிட்டிருந்தா எனக்கு எப்படி அடி விழும்? அவளுக்கு ஒரு சுளுக்கு கிளுக்கு வந்தா நல்லாருக்கும்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் அம்மாவே எழுந்திருப்பாள். "சரி, நீ ஒரு ஜங் சொல்லு, நான் பிடிச்சுக்கறேன்" என்றார். சொன்னேன். அவரும் டும் என்றார். இரண்டும் ஒன்றாக விழுந்தன. நம்பாமல் இன்னொரு தடவை செய்தோம், மறுபடியும் விழுந்தன. மேடையில் நான் அடிக்கும்போது வாயாலும் சொல்லிக்கொள்ளலாமாம், பித்தளைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்கிறார்.

ஆகவே சுளுக்கு வேண்டாம், இரண்டு காலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வாருங்கள், ஆனால் முன்வரிசையில் வேண்டாம். பின்னால் ஒரு பெரிய தூண் இருக்கிறது, அதற்குப் பின்னால் உட்காருங்கள். டும்மும் ஜங்கும் ஒன்றாகக் கேட்டால் வெளியே வந்து கைதட்டுங்கள். தனித்தனியாகக் கேட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் எங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.