இரவல் முழங்கால்

மலையேறுகிறவர்களில் இப்படி ஓர் இனம் உண்டு. ஓக்லாந்தில் தமிழர் சேர்ந்து நடக்கிற எந்தக் குழுவிலும் ஒருவரையாவது காணலாம். இவர் தனக்காக ஒருநாளும் பாதியில் திரும்பியதில்லை. திரும்பியதெல்லாம் அடுத்தவருக்காக.

எங்கள் கேதீஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை நாட்களில் எல்லர்ஸ்லியில் கந்தோர் வேலை. சனி ஞாயிறில் ஹில்ஸ்பரோ நடைக்குழுவின் தலைவர். யார் தெரிவு செய்தது என்கிறீர்களா? வட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவர் அவர், இதிலென்ன கேள்வி! இங்கே வசந்தகாலமான ஒக்டோபர் பிறந்து, வெயில் வந்தும் உருகாத வெண்பனி மலைப்பாதையில் அங்கங்கே கிடக்கும் காலத்தில்தான் அவருக்குக் கால் பரபரக்கும். வரைபடம் அனுப்புவார், காற்றின் வேகம் அனுப்புவார், சப்பாத்தில் மாட்டும் இரும்புப் பற்களைப் பற்றி நாற்பது நிமிடம் விளக்குவார், வழுக்கினால் எப்படி விழவேண்டும் என்று குழுவிலுள்ள பிரணவி வீட்டுக் கம்பளத்தில் விழுந்தே காட்டுவார். எல்லாம் முடிந்ததும் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்வார்: உடம்பு சரியில்லாத ஒருவரைத் தேடிப்பிடித்து, வருந்தி வருந்தி அழைப்பார்.

ஏன்? பனியைக் கண்டால் அவருக்கு ஈரக்குலை நடுங்கும். அதை வெளியே சொன்னால் தலைமை என்னாவது? முந்தின வருடம் சோபனாவின் தலைச்சுற்று கைகொடுத்தது. போன வருடம் யசீகரனின் முதுகு நோ. இரண்டு முறையும் பனி தொடங்கும் இடத்தில் நின்று, "எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனா இவையை விட்டிட்டுப் போக மனம் வருமே?" என்று பெருமூச்சு விட்டார். அவருடைய பெருந்தன்மையை எல்லோரும் மெச்சினார்கள். யசீகரன் மட்டும் வீடு வரும்வரை நாலரை மணி நேரமும் காருக்குள் குற்றவாளிபோல் இருந்தான்.

இந்த வருடம் இராசமலர் அக்கா. வயது அறுபத்தேழு, இடது முழங்காலில் சத்திரசிகிச்சை. இதற்குமேல் என்ன வேண்டும்?

மலையில் பனி கிடக்கும் இடம் வந்தது. பாதையை மறித்து, முப்பது அடிகூட இருக்காது.

"அக்கா, கால் நோகுதோ?"

"இல்லைத் தம்பி."

"வெக்கப்படாதேங்கோ. நோகுதெண்டால் எல்லாரும் திரும்புவம்."

"ஒரு நோவும் இல்லை. டொக்டர் நல்லா நடக்கச் சொன்னவர்."

"நேற்றெண்டாலும் நொந்திருக்குமே?"

அக்கா இரும்புப் பற்களை எடுத்து, தலைவர் வகுப்பில் சொன்ன மாதிரியே மாட்டி, ஊன்றுகோலைக் குத்திக் குத்தி அக்கரை போய்ச் சேர்ந்தார். பின்னால் பிரணவி, யசீகரன், மிச்சம் ஆறு பேர். இக்கரையில் தலைவர் தனியே நின்றார். பாவம், இரவல் வாங்க ஒரு முழங்கால்கூட மிஞ்சவில்லை. சொந்த முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"பயமெண்டால் சொல்லுங்கோ தம்பி, நான் வந்து கை பிடிக்கிறன்!"

"பயமோ? எனக்கோ? யசீகரன்ரை முதுகைத்தான் யோசிக்கிறன்!"

"என்ரை முதுகு இஞ்சால வந்திட்டுது அண்ணை!" என்றான் யசீகரன்.

அக்கா திரும்பி வந்தார். கையைப் பிடித்தார். தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடந்தார். திங்கட்கிழமை கந்தோரில் அவர் சொன்ன கதை இது: "அறுபத்தேழு வயது மனுசி, பனியிலை ஏலாமல் நிண்டவா. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன சனிக்கிழமை மனுகாவ் மண்டபத்தில் அரங்கேற்றத்தின் நடுவில், "பிள்ளைக்கு நித்திரை வருது" என்று வாசலில் சொல்லிவிட்டு நழுவினீர்களே, அந்தப் பிள்ளைக்கு வயது பத்தொன்பது.